சுமைகூலி முக்கால் பணம்: தென்னாப்பிரிக்காவில் இணைய ஏலத்தில் விற்கத் தொடங்குவோருக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இணைய ஏலத்துக்கென்றே சொல்லிவைத்தது போல இருக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பழைய வீட்டைக் காலிசெய்யும்போது பித்தளைக் குத்துவிளக்கு, இசைத்தட்டு, தபால்தலை ஆல்பம், க்ரூகர் காலத்துக் காசு என்று ஏதேதோ கிடைக்கும். எல்லாவற்றுக்கும் வாங்க ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் பிரிட்டோரியாவிலோ கேப்டவுனிலோ இருப்பார். டர்பனிலிருந்து அவர் வீட்டுக்குப் பொருள் போய்ச் சேரும் செலவும், நடுவில் தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷனும் முன்கூட்டியே தெரியாவிட்டால், நல்ல விலைக்குப் போன பொருளிலும் கை கடிக்கும்.

புதியவர்கள் செய்யும் வரிசை இது: படம் எடுப்பார்கள், விலை போடுவார்கள், தபால் செலவு என்ற கட்டத்தில் வாய்க்கு வந்த ஒரு எண்ணை நிரப்புவார்கள். ஏலம் முடிந்த பிறகுதான் பெட்டி தேடுவார்கள். இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். படம் எடுத்ததும் பொருளைக் கட்டுங்கள். கட்டியதை எடை போடுங்கள், அளவெடுங்கள். பிறகு அனுப்பும் செலவு, அதன் பிறகு தளத்தின் கட்டணம், கடைசியில்தான் விலை.

கட்டுவது

ஒரு குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். உயரம் 45 செ.மீ., எடை 4.2 கிலோ. முழுதாக நிற்க வைத்துக் கட்டினால் 50 × 25 × 25 செ.மீ. பெட்டி வேண்டும். ஆனால் பெரும்பாலான குத்துவிளக்குகள் மரை போட்டவை. உச்சியில் இருக்கும் அன்னம், எண்ணெய்த் தட்டு, தண்டு, பாதம் என்று கழன்று வரும். பல வருடம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இறுகிப்போயிருந்தால் இடுக்கியைப் போடாதீர்கள். பித்தளையில் பல் பதிந்துவிடும். மரைமீது தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் துணியைச் சுற்றிக் கையால் திருகினால் அனேகமாகக் கழன்றுவிடும்.

கழற்றியதை ஒவ்வொன்றாக பபிள் ரேப்பில் மூன்று சுற்று சுற்றுங்கள். மரைக்கு மட்டும் முதலில் காகிதம், அப்புறம் பபிள் ரேப். மரை நசுங்கினால் விளக்கு திரும்பப் பொருந்தாது, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார், கேட்பதும் நியாயம்தான். தட்டின் விளிம்பு கூராக இருந்தால் அதைச் சுற்றி அட்டைப் பட்டை ஒன்று. எல்லாம் சேர்ந்து இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டியில், 35 × 30 × 18 செ.மீ. அளவுக்குள் அடங்கும். கட்டிய எடை 4.8 கிலோ. மூடிய பெட்டியை ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் வந்தால் இன்னும் காகிதம் திணிக்க வேண்டும். பித்தளை கனமான பொருள். உள்ளே நகர இடம் கிடைத்தால் பெட்டியின் மூலையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: விற்கும் முன் விளக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழம்பொருள் வாங்குகிறவர் அந்தக் கருமைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். காசுகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

இசைத்தட்டு என்றால் தட்டை அதன் அட்டையுறைக்குள் வைத்து அனுப்பக்கூடாது. வழியில் தட்டு முன்னும் பின்னும் மோதி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். உள்ளுறையோடு தட்டை வெளியே எடுத்து, அட்டையுறைக்குப் பின்னால் வைத்து, இரண்டுக்கும் மேலும் கீழும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். அட்டையின் வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் வளையாது.

எடை என்றால் எந்த எடை?

தராசு காட்டுவது ஓர் எடை. கூரியர் கணக்குப் போடுவது இன்னொரு எடை. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றி, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும். சில நிறுவனங்கள் 4000ஆல் வகுக்கின்றன. அப்போது எண் இன்னும் கூடும். எந்த எண் என்பதைக் கட்டணப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நம் விளக்கையே போட்டுப் பாருங்கள். முழுதாகக் கட்டினால் 50 × 25 × 25 = 31,250; அதை 5000ஆல் வகுத்தால் 6.25 கிலோ. மேல்நோக்கி முழுமையாக்குவதால் 7 கிலோவுக்குப் பணம். கழற்றிக் கட்டினால் 35 × 30 × 18 = 18,900; வகுத்தால் 3.78. அது உண்மை எடையான 4.8ஐவிடக் குறைவு, ஆகவே 5 கிலோவுக்குத்தான் பணம். பல சேவைகளில் 5 கிலோ என்பது ஒரு படி. அதைத் தாண்டினால் கட்டணம் ஒரே தாவாகத் தாவும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்ததற்கு இதுதான் கூலி.

அளவெடுக்கும்போது வெளிப்பக்க அளவை எடுங்கள், அதுவும் பெட்டி புடைத்திருக்கும் இடத்தில். 18 செ.மீ. பெட்டியை அமுக்கித் திணித்து மூடினால் நடுவில் 20 ஆகிவிடும். குறைத்துச் சொன்னால் கூரியர் நிலையத்தில் இயந்திரம் மறுபடி அளக்கும். வித்தியாசத்தை உங்களிடம்தான் வசூலிப்பார்கள், வாங்கியவரிடம் அல்ல.

எந்த வழியாக அனுப்புவது

பெட்டகம் (லாக்கர்) வழி அனுப்புவது, அதாவது உங்கள் பக்கத்துப் பெட்டகத்தில் பொதியை வைத்து, வாங்குபவர் தன் பக்கத்துப் பெட்டகத்தில் எடுத்துக்கொள்வது, புதியவருக்கு மிகத் தோதானது, ஏனென்றால் விலை பெட்டகத்தின் அளவைப் பொறுத்தது. டர்பனிலிருந்து பக்கத்து உம்லாங்காவுக்குப் போனாலும் கேப்டவுனுக்குப் போனாலும் ஊர்க்கணக்குக் குழப்பம் குறைவு. பூடோ என்ற சேவையின் பெட்டகங்களில் ஐந்து அளவு. எல்லாமே 60 செ.மீ. ஆழம். மிகச் சிறியது 17 × 8 செ.மீ. வாய், 2 கிலோ வரை. அடுத்தது 41 × 8, 5 கிலோ. நடுத்தரம் 41 × 19, 10 கிலோ. பெரியது 41 × 41, 15 கிலோ. மிகப் பெரியது 41 × 69, 20 கிலோ. கழற்றிக் கட்டிய விளக்கு நடுத்தரத்தில் போகும், பெட்டி புடைக்காமல் இருந்தால். முழு விளக்கு பெரியதைக் கேட்கும். இசைத்தட்டின் உறை 31 செ.மீ.க்கு மேல் அகலம் என்பதால் மிகச் சிறியதில் நுழையாது. இரண்டாம் அளவில் ஐந்தாறு தட்டு தாராளமாகப் போகும்.

பெப் என்ற கடைத்தொடர் வழியாகப் போகும் பாக்ஸி என்ற பொதிச் சேவை மலிவு. பையில் அடங்குகிற துணிமணி, புடவை, புத்தகத்துக்கு நல்லது. சாதாரணச் சேவை ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அவசரப்படுகிற வாங்குபவருக்கு ஒத்துவராது. சின்ன ஊர்களிலும் பெப் கடை உண்டு என்பது இதன் பெரிய பலம். உடையும் பொருளைப் பையில் போடாதீர்கள்.

போஸ்ட்நெட் கடையிலிருந்து போஸ்ட்நெட் கடைக்கு அனுப்பலாம். 5 கிலோ வரை ஒரே விலை. பெயரைப் பார்த்து இதைத் தபால் நிலையம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது தனியார் கடைத்தொடர். வாங்குபவர் ‘போஸ்ட்நெட்டில் அனுப்புங்கள்’ என்றால் எந்தக் கிளை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் மூன்று நான்கு கிளை இருக்கும்.

வீட்டு வாசல் வரை போகும் கூரியர்தான் விலை அதிகம். இதில் கவனிக்க வேண்டியது பின்கோடு. பெரிய நகரங்களுக்கு ஒரு விலை, ஒதுக்குப்புற ஊர்களுக்குக் கூடுதல். எரிபொருள் கூடுதல் கட்டணமும் 15 சதவீத வாட் வரியும் சொன்ன விலையில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று பாருங்கள். அஞ்சல் பெட்டி எண்ணுக்குக் கூரியர் போகாது.

பழைய தபால் நிலையம்? தென்னாப்பிரிக்கத் தபால் துறை 2023 ஜூலையிலிருந்து வணிக மீட்பு (நொடித்த நிறுவனத்தைக் காப்பாற்றும்) நடைமுறைக்குள் போனது, பல கிளைகள் மூடப்பட்டன. தபால்தலை போன்ற மெல்லிய உறைகளுக்குப் பதிவுத்தபால் இன்னும் மலிவுதான். ஆனால் உங்கள் பக்கத்துக் கிளை மட்டுமல்ல, வாங்குபவர் பக்கத்துக் கிளையும் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு அந்த வழியை விளம்பரத்தில் போடுங்கள்.

தளம் எடுத்துக்கொள்வது

உள்நாட்டில் பெரிய ஏலத்தளம் பாப் ஷாப். 1999இல் பிட்-ஆர்-பை என்ற பெயரில் தொடங்கியது. வெளிநாட்டு வாங்குபவருக்கு ஈபே. கட்டண விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பொருளின் வகையைப் பொறுத்தும் வேறுபடும். ஆகவே விகிதத்தை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஐந்து கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டணப் பக்கத்தைப் படியுங்கள்.

பட்டியலிடவே காசா, விற்றால்தான் காசா? விற்றால் எத்தனை சதவீதம்? அந்தச் சதவீதம் ஏல விலைமீது மட்டுமா, தபால் செலவையும் சேர்த்தா? பணம் கைமாறும் கட்டணம் தனியா? சொன்ன எண்ணில் வாட் உள்ளே இருக்கிறதா, வெளியேயா?

மூன்றாவது கேள்வியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஈபே தன் கமிஷனை ஏல விலை, தபால், வரி எல்லாம் சேர்ந்த மொத்தத்தின் மீது கணக்கிடுகிறது. ஒரு காலத்தில் அங்கே ஒரு டாலருக்குப் பொருளும் முப்பது டாலருக்குத் தபாலும் என்று போட்டுக் கமிஷனைத் தப்பித்தவர்கள் இருந்தார்கள். அந்த வாசலை அடைக்க வந்த விதி அது. நேர்மையாகத் தபால் வாங்குகிறவரும் இப்போது அதற்குக் கமிஷன் கட்ட வேண்டியிருக்கிறது.

முதல் பக்கத்தில் காட்டுவது, தடித்த எழுத்து, படத்தைப் பெரிதாக்குவது என்று கூடுதல் வசதிகளுக்கும் விலை இருக்கும். விற்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. முதல் பத்துப் பொருளுக்கு எதையும் தொடாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் தளத்தின் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கமிஷன் ஏல விலைமீது 10 சதவீதம், பணம் கைமாறும் கட்டணம் மொத்தத்தின் மீது 3 சதவீதம், இரண்டுக்கும் வாட் தனி. விளக்கு 450 ரேண்டுக்குப் போகிறது. வாங்குபவரிடம் தபாலுக்கு 120 வாங்குகிறீர்கள். கூரியருக்கு உண்மையில் 110. பெட்டி 18, பபிள் ரேப் 12, டேப் 4, ஆக 34.

வந்தது 570. கமிஷன் 45, அதற்கு வாட் 6.75, சேர்த்து 51.75. பணக் கட்டணம் 17.10, வாட்டோடு 19.67. கூரியர் 110, பொதி கட்டும் செலவு 34. எல்லாம் போகக் கையில் நிற்பது 354.58 ரேண்டு. கமிஷன் தபாலுக்கும் சேர்த்து என்றால் 65.55 ஆகி, கையில் 340.78. ஏலத்தில் 450 என்று பார்த்த எண்ணில் நூறு ரேண்டு எங்கே போனது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

கணக்கைப் பின்னாலிருந்தும் போடத் தெரிய வேண்டும். கையில் 300 வேண்டும் என்றால் எவ்வளவுக்குப் போக வேண்டும்? கையில் வேண்டியது 300, கூரியர் 110, பொதி கட்டும் செலவு 34, கூட்டினால் 444. தபாலுக்கு வாங்கும் 120இல் பணக் கட்டணம் போக மிஞ்சுவது 115.86, அதைக் கழித்தால் 328.14. ஏல விலையில் ஒவ்வொரு ரேண்டிலிருந்தும் தளமும் பணக் கட்டணமும் வாட்டோடு சேர்ந்து 14.95 சென்ட் எடுக்கின்றன, மிஞ்சுவது 85.05 சென்ட். 328.14ஐ 0.8505ஆல் வகுத்தால் 385.82. ஆகவே 390இல் தொடங்கினால் நஷ்டமில்லை.

ஒரு ரேண்டு ஏலம்

ஒரு ரேண்டில் தொடங்கினால் கூட்டம் வரும், விலை தானாக ஏறும் என்பார்கள். இருபது பேர் தேடுகிற பொருளுக்கு அது சரி. இரண்டே பேர் தேடுகிற பொருளுக்கு அது தற்கொலை. மேலே சொன்ன அதே செலவில் 60 ரேண்டுக்குப் போனால் கையில் நிற்பது 22.89. அதே ஏலத்தில் ‘தபால் இலவசம்’ என்று வேறு போட்டிருந்தால் 92.97 ரேண்டு உங்கள் பையிலிருந்து போகும், விளக்கும் போகும்.

ரிசர்வ் விலை, அதாவது அதை எட்டாவிட்டால் விற்க மாட்டேன் என்ற விலை, வைக்கலாம், ஆனால் பல தளங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. தவிர, ரிசர்வ் என்றதும் கேட்பவர்கள் ஒதுங்குவார்கள். தொடக்க விலையையே உங்கள் அடிவிலையாக வைப்பதுதான் எளிது. விலை ஏறட்டும் என்று மச்சானின் கணக்கிலிருந்து ஏலம் கேட்பதை விட்டுவிடுங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, முன்னறிவிப்பு இல்லாமல் சொந்தப் பொருளுக்குத் தானோ தன் ஆளோ ஏலம் கேட்பதை ஏற்பதில்லை. தளங்களும் கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடும்.

விலை தெரிந்துகொள்ள, கேட்கப்படும் விலையைப் பார்க்காதீர்கள். முடிந்த ஏலங்களைப் பாருங்கள். 2008இல் வந்த மண்டேலா முகம் போட்ட 5 ரேண்டு காசைப் பல்லாயிரம் ரேண்டுக்குப் பட்டியலிட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் அதிகம். புழங்கித் தேய்ந்த அந்தக் காசு பெரும்பாலும் 5 ரேண்டுதான் பெறும்.

விளம்பரத்தில் தபாலை எழுதுவது

‘தபால் செலவு பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதினால் பாதிப் பேர் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். கட்டி எடை போட்டாயிற்றே, எண்ணைப் போடுங்கள். பெட்டகம் ஒரு விலை, வாசல் வரை ஒரு விலை, நேரில் வந்து எடுத்தால் இலவசம் என்று மூன்று வழி போதும். பொதி கட்டும் செலவைத் தபாலில் சேர்ப்பதா பொருளில் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். 34 ரேண்டைத் தபாலில் சேர்ப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், 100 சேர்த்தால் சொல்வார்கள், மதிப்புரையிலும் எழுதுவார்கள்.

ஒரே ஆள் மூன்று இசைத்தட்டு எடுத்தால் மூன்று தபால் வாங்காதீர்கள். முதல் தட்டுக்கு முழுத் தபால், அடுத்தடுத்த தட்டுக்கு இத்தனை ரேண்டு, எத்தனை தட்டு வரை ஒரே பொதி என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். சேர்த்து அனுப்பக் காத்திருக்க எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள்; ஏழு நாள் நியாயமானது. இல்லாவிட்டால் ‘அடுத்த வாரமும் எடுப்பேன், வைத்திருங்கள்’ என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள்.

காசு, பணத்தாள், நகை இவற்றைப் பெரும்பாலான கூரியர்கள் தங்கள் காப்பீட்டிலிருந்து விலக்கிவைத்திருப்பார்கள்; சிலர் ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். கண்ணாடிக்கும் அனேகமாக இதே கதை. காப்பீடு என்று பணம் கட்டும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

ஏலம் முடிந்த பிறகு

பணம் வந்ததற்கு அத்தாட்சி உங்கள் வங்கிக் கணக்கு மட்டும்தான். வாங்கியவர் அனுப்பும் பி.டி.எஃப். ரசீதும், வங்கியிலிருந்து வந்தது போலத் தோன்றும் எஸ்.எம்.எஸ்.ஸும் அத்தாட்சி அல்ல. இரண்டையும் ஐந்து நிமிடத்தில் போலியாகச் செய்யலாம். வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். தளம் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பொருள் சேர்ந்ததும் தரும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ‘தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், கமிஷன் மிச்சம்’ என்று வருகிறவரிடம் கமிஷனோடு பாதுகாப்பும் போய்விடும்.

பெட்டியை ஒட்டும் முன் உள்ளே இருக்கும் நிலையில் ஒரு படம், தராசின் மேல் ஒரு படம், ஒட்டிய லேபிளோடு ஒரு படம். லேபிளில் வாங்கியவரின் கைப்பேசி எண் சரியா என்று இரண்டு தரம் பாருங்கள். பெட்டகத்தைத் திறக்கும் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் போகும். ஓர் இலக்கம் தவறினால் பொதி பெட்டகத்தில் காத்திருந்து காத்திருந்து உங்களிடமே திரும்பிவரும், திரும்பும் கூலியும் உங்கள் தலையில்.

திருப்பி அனுப்புவதில் ஒரு நுணுக்கம். 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் இணையத்தில் வாங்கியவருக்குப் பொருள் வந்ததிலிருந்து ஏழு நாள் மனம் மாறும் உரிமை தருகிறது. திருப்பும் தபால் செலவு வாங்கியவருடையது. ஏலத்துக்கு அந்த உரிமை கிடையாது. அதே தளத்தில் ‘இப்போதே வாங்கு’ என்று நிலையான விலைக்குப் போட்டால் ஏலம் என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டிலுமே, விளம்பரத்தில் சொல்லாத விரிசலோ ஒட்டோ இருந்தால் அது வேறு விஷயம். திருப்பி எடுத்துக்கொள்வதுதான் நியாயம், தபால் இரு வழியும் உங்கள் தலையில் விழலாம். ஆகவே பற்றவைத்த இடம் இருந்தால் அதையே பெரிதாகப் படம் எடுத்துப் போடுங்கள்.

பரணைக் காலிசெய்வதோடு நிற்காமல், வாங்கி வாங்கி விற்கத் தொடங்கினால் அது வியாபாரம். 2009ஆம் ஆண்டு பழைய பொருள்கள் சட்டப்படி பழம்பொருள் வியாபாரி காவல்துறையில் பதிவுசெய்ய வேண்டும். வருமான வரிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கூரியர் ரசீது, கமிஷன் விலைப்பட்டியல், பபிள் ரேப் பில் எல்லாமே செலவில் கழியும் என்பதால் தூக்கிப்போடாதீர்கள்.

கடல் கடந்து

சென்னை, கோலாலம்பூர், லண்டன் என்று வெளிநாட்டு வாங்குபவர் வந்தால் முதல் ஐந்து விற்பனைக்குள் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்நாட்டில் கை பழகட்டும். பிறகு போகும்போது மூன்று விஷயம். தபால் வழி என்றால் சி.என். 22 அல்லது மதிப்பு கூடினால் சி.என். 23 சுங்கப் படிவம். பொருள், எடை, விலை உண்மையாக எழுத வேண்டும். ‘அன்பளிப்பு என்று எழுதுங்கள்’ என்று வாங்கியவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். தொலைந்தால் காப்பீடும் அன்பளிப்பாகத்தான் இருக்கும். இரண்டாவது, இறக்குமதி வரி வாங்குபவருடையது என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லாமல் போன காலம் 2025 ஆகஸ்ட் 29ஓடு முடிந்துவிட்டது. தெரியாமல் வாங்கியவர் பொதியை ஏற்க மறுத்தால் இரு வழிக் கூலியும் வீண். மூன்றாவது, மிகப் பழைய பொருள் என்றால் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டத்தின்படி ஏற்றுமதி அனுமதி வேண்டியிருக்கலாம். தென்னாப்பிரிக்க மரபுவள முகமைக்குப் படத்தோடு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு வெளிநாட்டுத் தபால் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள்.